பனியனில் அச்சு: எந்த முறை, எதற்கு?

குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு வருகிற பங்காளிகள் அனைவரும் ஒரே நிறத்தில் பனியன் அணிய வேண்டுமென்று தீர்மானித்தாலும் சரி, கல்லூரிக் கபடிக் குழுவுக்குப் பெயரும் எண்ணும் பொறித்த சீருடை தேவைப்பட்டாலும் சரி, பெரும்பாலோர் முதலில் செய்கிற காரியம், கைப்பேசியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு அச்சுப் பட்டறையின் வாசலில் போய் நின்று, "பீஸுக்கு என்ன ஆகும்?" என்று கேட்பதுதான். அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பல சமயம் நம் காரியத்துக்கு உகந்த முறையின் விலையாக இராது. அந்தப் பட்டறைக்காரர் தவணையில் வாங்கி வைத்திருக்கும் இயந்திரத்துக்கு உகந்த முறையின் விலையாகவே இருக்கும். ஆதலால் இயந்திர விசாரணையைக் கடைசிக்கு ஒத்திவைத்து, துணி, எண்ணிக்கை, படம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் தீர்மானித்துக்கொள்வது உத்தமம்.

துணியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கலாம், படத்தைத் திருத்தலாம். நூலின் சுபாவத்தை மாற்ற இயலாது. "சுத்த காட்டன்" என்று விற்பவர் சொல்வதைப் பரீட்சிக்க, சட்டையின் உட்புற மடிப்பிலிருந்து துணியின் சிறு துணுக்கொன்றைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தையல் நூலை உருவிக் கொளுத்துவதில் பயனில்லை. பருத்திச் சட்டைகளிலுங்கூட அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டவுடன் பொடியாகும் சாம்பலை விட்டுச் செல்லும். பாலியஸ்டரானால் சுருங்கி உருகி, ஆறிய பின் நகத்தால் நசுக்க முடியாத கறுத்த மணியாகக் கெட்டிப்படும். இரண்டின் குணமும் தென்பட்டால் கலப்புத் துணியென்று கொள்ளலாம்.

பாலியஸ்டர் என்று தெரிந்து, நிறமும் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருந்துவிட்டால், சப்ளிமேஷன் முறையைத் தேர்ந்துகொள்ள அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. காகிதத்தில் அச்சிட்ட சாயம், சுமார் 200 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில், ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில், திரவமாகாமலே ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடுகிறபடியால், அச்சு கைக்குத் தட்டுப்படுவதில்லை; வெடிப்பதோ உரிவதோ இல்லை. ஆனால் அச்சாயம் ஒளி ஊடுருவுவது; கறுப்புத் துணியில் கண்ணுக்குத் தெரியாது; சுத்தமான பருத்தியில் பற்றாமல் சலவையில் போய்விடும். அடர்நிறப் பாலியஸ்டரில் வேறு முறைகளால் வெள்ளை எழுத்து அச்சிடுவோர், துணியின் சாயம் உஷ்ணத்தில் மேலேறி, சிவப்புச் சீருடையின் வெள்ளை எண்ணைச் சில நாட்களில் ரோஜா நிறமாக்கிவிடக்கூடும் என்பதை முன்கூட்டியே பட்டறையில் சொல்லி, அதைத் தடுக்கும் மையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பருத்தியாக இருந்தால் அடுத்த கேள்வி எண்ணிக்கை. திருப்பூரின் பனியன் தொழிலில் நெடுங்காலமாக நிலைத்திருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில், படத்திலுள்ள ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனியே வலைத்துணி கட்டிய பிரேம் ஒன்று தயாராக வேண்டும். கறுப்புச் சட்டையில் மூன்று வர்ணப் படமென்றால், அடியில் பரப்பும் வெள்ளைக்கும் சேர்த்துப் பொதுவாக நான்கு பிரேம். பத்துச் சட்டைக்கும் அதே பிரேம் செலவு, ஆயிரம் சட்டைக்கும் அதே செலவு என்பதால், எண்ணிக்கை ஏற ஏற விலை சரிகிறது. இருபது, இருபத்தைந்துக்குட்பட்ட சட்டைகளுக்கு ஸ்கிரீனை நாடுவது வீண் செலவு என்றும், நூறைத் தாண்டினால் ஸ்கிரீனை விடுவது வீண் செலவு என்றும், இடைப்பட்ட தொகைக்கு ஸ்கிரீனின் விலையையும், பின்னால் சொல்லப்போகும் டி.டி.ஜி. அல்லது டி.டி.எஃப். முறையின் விலையையும் எழுதி வாங்கி ஒப்பிட வேண்டும் என்றும் உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கிரீன் என்று முடிவானபின்பும், எந்த மை என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது; பலரும் கேட்கத் தவறுவது இதையே. வெளிர் துணிக்கு நீர்சார்ந்த பிக்மென்ட் மையே என் அபிப்பிராயத்தில் முதன்மையானது. துணியோடு ஒன்றிவிடும், காற்றைத் தடுக்காது. அடர்நிறப் பருத்தியில் அதே மென்மை வேண்டுமானால், துணியின் சாயத்தையே அந்த இடத்தில் நீக்கிப் புது நிறத்தை ஏற்றும் டிஸ்சார்ஜ் முறை உண்டு. துணிச் சாயம் அதற்கு இணங்கும் ஜாதியாக இருக்க வேண்டும், அச்சிட்டபின் ஒரு முறை அலசாமல் உடுத்தவும் கூடாது. பிளாஸ்டிசால் மை பளிச்சென்றிருக்கும். ஆயினும் அது துணியின் மேல் படிந்து நிற்கும் பி.வி.சி. படலம், மைப்படலம் முழுதும் ஏறக்குறைய 160 டிகிரியை எட்டாவிட்டால் சில சலவையிலேயே வெடிக்கும், அதன் மீது நேராக இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டும். குழந்தைகளின் உடைக்கு அதைத் தவிர்ப்பதே நலம்.

குறைந்த எண்ணிக்கையும், நிழலும் ஒளியும் கலந்த புகைப்படம் போன்ற சித்திரமும் சேர்ந்து வந்தால் டி.டி.ஜி., டி.டி.எஃப். என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முன்னது துணியின் மேல் நேராக மையைத் தெளிப்பது, பருத்திக்கு ஏற்றது, கறுப்புத் துணிக்கு முன்கூட்டியே ஒரு திரவம் பூச வேண்டும். பின்னது பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, பசைப்பொடி தூவி, உஷ்ண அழுத்தத்தால் ஒட்டுவது. ஏறக்குறைய எத்துணியிலும் பற்றும். அந்தச் சௌகரியத்தினாலேயே இப்பொழுது எதற்கெடுத்தாலும் டி.டி.எஃப். என்கிறார்கள். மார்பளவு பெரிய செவ்வகப் படத்தை அம்முறையில் ஒட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் தேரிழுத்தவர்களைக் கேட்டால், அதனடியில் வியர்வை வெளியேற வழியின்றித் தேங்குவதன் அவஸ்தையைச் சொல்வார்கள். ஆகவே அம்முறைக்குப் படம் சிறிதாக, இடையிடையே துணி தெரிவதாக இருக்கட்டும். ஆளுக்கொரு பெயரும் எண்ணும் மட்டுமே வேண்டுமானால் வெட்டி ஒட்டும் வினைல் போதும்.

படத்தை அனுப்புகையில் வாட்ஸப்பில் புகைப்படமாக அனுப்பினால் நுட்பம் தேய்ந்துவிடும். கோப்பாக, அச்சாகும் அளவிலேயே 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல் அனுப்புக. தமிழ் எழுத்துக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை: நாம் பயன்படுத்திய எழுத்துரு பட்டறைக் கணினியில் இல்லையென்றால், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும், புள்ளி காணாமற்போகும். எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி அனுப்பி, பிரேம் எடுக்குமுன் தாளில் ஒரு பிரதி கேட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, ஒரே ஒரு மாதிரிச் சட்டை கேளுங்கள். ஸ்கிரீனானால் அதற்கும் பிரேம் செலவு உண்டு, கொடுத்துவிடலாம். அச்சை இரு கையாலும் இழுத்துப் பார்த்து, நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஐந்து முறை துவைத்து உலர்த்துங்கள். அதன் பிறகும் அச்சு நின்றால் மட்டுமே மொத்த ஆர்டருக்கு முன்பணம் கொடுங்கள். அதுவரை பட்டறைக்காரர் எத்தனை அவசரப்படுத்தினாலும் கொடுக்க வேண்டாம்.