கேண்டரில் வரும் சத்தம்: குதிரைக்கு இழுப்பா?

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் சந்தையில் மூன்று வயது மார்வாரிக் குதிரை ஒன்று வாங்கினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, வயலோரம் லாயம். சில மாதமாகச் சேணம் கட்டி ஏறுகிறோம். கேண்டர் (மிதமான பாய்ச்சல்) எடுத்ததும் மூக்கில் ‘பர்ர், பர்ர்’ என்று சத்தம் வருகிறது. சில நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாகப் போகிறான். வேலை தொடங்கும்போது இரண்டு இருமல் இருமுவான். ‘இது இழுப்புக் குதிரை, வந்த விலைக்குத் தள்ளிவிடு’ என்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். விற்றுவிடலாமா டாக்டர்?

– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: விற்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை மூன்று தனித்தனிச் சங்கதிகள். அவற்றில் என்னைக் கவலைப்பட வைப்பது, நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு இருமல்தான்.

முதலில் சத்தம். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும். நம்மைப்போல் வாயால் இழுக்க அதற்கு வழியில்லை. நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு. வேகமாக ஓடும்போது 100ஐத் தாண்டும். கேண்டரில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று காலும் மூச்சும் சேர்ந்தே போகும்: முன்னணிக் கால் (ஒவ்வொரு தாவலிலும் கடைசியாக ஊன்றும் முன்னங்கால்) தரையில் ஊன்றும்போது காற்று வெளியே வரும், உடல் எழும்பும்போது உள்ளே போகும். ஆகவே ஒருவரை ஏறச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கவாட்டில் நின்று கேளுங்கள். அந்தக் கால் ஊன்றும் நேரத்தில் ‘பர்ர்’ வந்தால், அது நாசித் துவாரத்துக்குள் இருக்கும் தோல் மடிப்பு காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம். நோயல்ல. துடிப்பான இளங்குதிரைகள் பல இப்படிச் செய்யும். உடம்பின் இறுக்கம் தளர்ந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது விசிலோ உறுமலோ கேட்டால் கதை வேறு. குரல்வளையின் ஒரு பக்கம், பெரும்பாலும் இடப்பக்கம், நரம்புக் கோளாறால் திறக்காமல் போவதன் அடையாளம் அது. தரோபிரெட் போன்ற உயரமான இனங்களில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். வேகத்தில் திடீரெனக் கரகரவென்று குறட்டைபோல் வந்து குதிரை தயங்கினால், மென்அண்ணம் இடம் மாறியிருக்கலாம். இளம் வயதில் தொண்டை வீக்கமும் பழக்கமின்மையும் சேர்ந்து அப்படி ஆவதுண்டு. உடல் தேறத் தேறப் பல குதிரைகளுக்குச் சரியாகிவிடும். சத்தம் கேட்டதும் லகானை இழுத்துத் தலையை மார்போடு மடக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அப்படி மடக்கினால் தொண்டை இன்னும் குறுகும், சத்தம் கூடும்.

மூச்சைப் பிடிப்பது பெரும்பாலும் பயம். முதுகில் ஆளைச் சுமந்து சமநிலை காப்பது அவனுக்குப் புதிது, வயிற்றை இறுக்கிக்கொள்கிறான். வயிற்றுப் பட்டையை ஒரேயடியாக இறுக்காமல், நடத்திவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். லகானைத் தளர்த்திப் பெரிய வட்டத்தில் நடையும் ட்ராட்டும் போகட்டும். ‘புர்ர்’ என்று மூக்கை ஊதிக் கழுத்தை நீட்டினான் என்றால் இறுக்கம் விட்டது என்று கொள்ளலாம். அதற்குப் பிறகு கேண்டர் கேளுங்கள்.

இனி இருமல். ‘தொண்டையைச் செருமிக்கொள்கிறான்’ என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தினமும் வேலை தொடக்கத்தில் வரும் இருமல், சுவாசக்குழாய் உள்ளே எரிச்சலில் இருக்கிறது என்று சொல்கிறது. இளங்குதிரைகளுக்கு வரும் லேசான ஆஸ்துமா பல நேரம் இப்படித்தான் ஆரம்பிக்கும். உங்கள் பக்கத்தில் உருக்கு ஆலைப் புகையும், நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பும் புழுதியும் உண்டு. அவற்றை நீங்கள் நிறுத்த முடியாது. ஆனால் லாயத்துத் தூசி உங்கள் கையில் இருக்கிறது. மழையில் நனைந்து போராகப் போட்ட வைக்கோலைப் பிரித்துப் பாருங்கள்: நடுவில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, உதறினால் புகைபோல் எழும்பும். அதற்குள் மூக்கை நுழைத்துத்தான் அவன் மணிக்கணக்கில் தின்கிறான். பூஞ்சை பிடித்ததைக் கொடுக்கவே வேண்டாம். நல்ல வைக்கோலையும் தண்ணீரில் முக்கி எடுத்துத் தரையில் போடுங்கள். தலை தாழ்ந்திருந்தால் சளி தானாக வடியும். பச்சைப்புல் கிடைத்தால் அதுவே மேல். குதிரையை வெளியே கட்டிவிட்டு லாயத்தைப் பெருக்குங்கள். மார்கழி, தை விடியலில் பனியோடு புகை தாழ்ந்து நிற்கும். வெயில் ஏறியபின் சவாரி போங்கள். சித்திரையில் நேர்மாறாக, விடியலிலேயே முடித்துவிடுங்கள்.

கோடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். கடலோரப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். வேலை முடிந்து அரைமணி கழிந்தும் விலா மேலும் கீழுமாக அடிக்க, தோல் காய்ந்திருந்தால், நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் (38.5 டிகிரி செல்சியசுக்கு மேல்), கெட்டிச் சளி, தாடைக்கடியில் வீக்கம், மூக்கில் இரத்தம் என்று எது வந்தாலும் சவாரியை உடனே நிறுத்தி, மற்ற குதிரைகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். மூக்குக்குள் புண் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அது கிளாண்டர்ஸ் நோயாக இருந்தால் மனிதர்களுக்கும் தொற்றும்.

தீவனத்தை மாற்றியும் சில வாரத்தில் இருமல் நிற்காவிட்டால், 1903 முதல் இயங்கும் வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். கேண்டரில் போகும்போது சத்தம் தெளிவாகக் கேட்கும்படி செல்போனில் எடுத்த வீடியோ கையில் இருக்கட்டும். ஏனென்றால், நின்றிருக்கும் குதிரையின் தொண்டைக்குள் எண்டோஸ்கோப் விட்டால் ஓட்டத்தில் வரும் கோளாறு சில நேரம் அகப்படாது. அதுவரை வீட்டில் யாருக்கோ வாங்கிய இழுப்பு மாத்திரையை அவனுக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் குளம்பு நோய் வரக்கூடும்.