சேவலால் பேடுகளுக்கு ஏற்படும் காயங்கள்: தடுத்தலும் சிகிச்சையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்
அலகு: கோழி வளர்ப்பு

மாணவர்களே, முதலில் பின்வரும் மாதிரி வினாவை வாசியுங்கள்.

கனமூலையில் ஒரு தென்னை வளவில் 2 சேவல்களும் 6 பேடுகளும் ஒன்றாக வளர்க்கப்படுகின்றன. சில பேடுகளின் முதுகில் இறகுகள் இல்லை. ஒரு பேட்டின் விலாவில் காயம் உண்டு. மருந்து பூசியதும் காயம் ஆறியது. ஆனால் சில நாட்களில் மீண்டும் ஏற்பட்டது.

(i) காயத்துக்கான காரணம் யாது?
(ii) பேட்டுக்கு எவ்வாறு சிகிச்சை அளிப்பீர்?
(iii) இது மீண்டும் ஏற்படாது தடுப்பது எவ்வாறு?

(i) காரணம்

இனச்சேர்க்கையின்போது சேவல் பேட்டின் முதுகில் ஏறி, கழுத்து இறகுகளைச் சொண்டினால் பற்றிக்கொள்ளும். அப்போது அதன் நகங்களும் குதிமுள்ளும் பேட்டின் முதுகையும் விலாவையும் கீறுகின்றன. இங்கு சேவல், பேடு விகிதம் 1:3 ஆகும். பொதுவாகச் சிபாரிசு செய்யப்படுவது ஏறத்தாழ 1:10 ஆகும். பேடுகள் குறைவாக இருப்பதால் ஒரே பேடு அடிக்கடி மிதிபடுகிறது.

காயம் உள்ள இடத்தைக் கவனியுங்கள். முதுகு, கழுத்து, விலா ஆகியவற்றில் காயமெனில் பெரும்பாலும் சேவலே காரணம். வாலடியிலும் மலவாயைச் சுற்றியும் காயமெனில் பிற கோழிகள் கொத்தியிருக்கலாம் (தன்னினமுண்ணல்).

(ii) சிகிச்சை

1. பேட்டை உடனே தனிக் கூட்டில் விடுக. இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகளும் கொத்தும்.
2. இரத்தம் வடியுமாயின் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்குக.
3. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துக் காயத்தைக் கழுவுக.
4. பொவிடோன் அயடீன் போன்ற தொற்றுநீக்கியைப் பூசுக. மண்ணெண்ணெய் பூசலாகாது, அது இழையத்தைப் பாதிக்கும்.
5. ஈ மொய்க்காது பாதுகாத்து, புழு உண்டா என நாள்தோறும் பார்க்குக.
6. காயம் ஆழமாயின், துர்நாற்றம் வீசினால் அல்லது பேடு தீன் உண்ணாவிடின் கால்நடை வைத்தியரை நாடுக. நுண்ணுயிர்கொல்லி மருந்து கொடுத்தால், அவர் கூறும் காலம் முடியும்வரை முட்டையை உண்ணவோ விற்கவோ கூடாது.

(iii) தடுத்தல்

• ஒரு சேவலை அகற்றுக. அப்போதும் விகிதம் 1:6 ஆகையால், எஞ்சிய சேவலையும் வாரத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் பேடுகளுடன் விடலாம். பேட்டின் முட்டைக்கானில் விந்து சேமிக்கப்படுவதால், ஒருமுறை இனச்சேர்க்கையின் பின் ஒரு வாரத்துக்கும் மேலாகக் கருக்கட்டிய முட்டைகள் கிடைக்கலாம்.
• குதிமுள்ளின் நுனியை மட்டும் அராவி மழுக்குக. அதனுள்ளே என்பு இருப்பதால், அடியில் வெட்டினால் இரத்தம் பெருகும்.
• இறகு இழந்த பேட்டின் முதுகுக்குத் துணிக் கவசம் அணிவிக்கலாம்.
• போதிய இடவசதியும் புரதம் நிறைந்த தீனும் வழங்குக. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது.

மாணவர் விடும் தவறு

“சேவலை அகற்றினால் பேடு முட்டையிடாது” எனச் சிலர் எழுதுவர். இது பிழை. சேவல் இன்றியும் பேடு முட்டையிடும். ஆனால் அம்முட்டை குஞ்சு பொரிக்காது. உண்பதற்கு மட்டும் முட்டை தேவைப்படும் வீட்டுக்குச் சேவல் அவசியமில்லை.

நினைவிற் கொள்க: மருந்து காயத்தை ஆற்றும், விகிதத்தைத் திருத்தினாலே அது மீண்டும் ஏற்படாது. விடை எழுதும்போது சிகிச்சையுடன் நிறுத்தாது, காரணத்தை நீக்கும் வழியையும் எழுதுங்கள்.