அயர்லாந்துக் குடும்பப்பெயரா? இப்படித் தேடுங்க!

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் அபூர்வமான அயர்லாந்துப் பெயர் இருந்தால், டிஎன்ஏ கிட் வாங்கும் முன் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று, ரயில்வே சர்வீஸ் ரெக்கார்டு இரண்டும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

* சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் வரலாற்றைத் தேட உதவும் ‘ஃபிபிஸ்’ சங்கத்தின் இணையதளத்தில் பெயரை இலவசமாகத் தேடலாம். அந்தக் கால எழுத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருப்பார். அதனால் பெயருக்கு முன்னால் வரும் ‘ஓ’, ‘மெக்’ இல்லாமலும், எழுத்தை மாற்றிப் போட்டும் பாருங்கள்.

* குடும்பப்பெயர் அப்பா வழியில் வருவதால் ஒய்-டிஎன்ஏ சோதனையே பொருத்தம். ஆண்கள்தான் கொடுக்க முடியும். பெண்கள் அண்ணன், சித்தப்பா யாரையாவது பிடித்து, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பச் சொல்லுங்கள். தத்து, அம்மா வழிப் பெயர் என்று முடிவு வேறு கதையும் சொல்லலாம். பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

* அடுத்து அயர்லாந்துப் பதிவுகள். 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பழைய மக்கள்தொகைக் கணக்குகள் பெருமளவு போய்விட்டன. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.