சில்லறைக் காசில் காடு வளருமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து, காடு வளர்க்கும் அமைப்பு ஒன்றுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். இந்தச் சில்லறைப் பணத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?
– வாசகி, தென்காசி

பதில்: நிறையவே ஆகும். 2019-இல் அமெரிக்க யூடியூபர்கள் சிலர் ‘ஒரு டாலருக்கு ஒரு மரம்’ என்று கேட்டு, இரண்டு மாதத்துக்குள் இரண்டு கோடி டாலர் திரட்டினார்கள்.

ஆனால், வசூல் பாதி வேலைதான். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தைப் பாருங்கள். கிராமத்துப் பெண்கள் விதை பொறுக்கி, நாற்று விட்டு, நட்டார்கள். நட்டதற்குக் காசு கிடையாது. கன்று பிழைத்தால்தான் சிறு தொகை. அதனால் தண்ணீர் ஊற்றவும் ஆடு மேயாமல் காக்கவும் ஆள் இருந்தது. கோடிக்கணக்கில் மரங்கள் எழுந்தன. 2004-இல் மாத்தாய்க்கு நோபல் அமைதிப் பரிசும் வந்தது.

இடமும் முக்கியம். நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிகளில் அயல்நாட்டுச் சீகை மரத்தை நட்டார்கள். அது பரவி, புல்வெளியையே விழுங்கிவிட்டது.

ஆகவே, பணம் அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். நடப்போவது அந்த மண்ணுக்குரிய மரங்களா? இடம் யாருடையது, முன்பு அங்கே என்ன இருந்தது? மூன்றாம் ஆண்டில் எத்தனை கன்றுகள் உயிரோடிருக்கின்றன என்று கணக்குக் காட்டுவார்களா? நட்ட கணக்கை மட்டும் சொல்பவர்களுக்கு ஐம்பது பைசாகூடக் கொடுக்காதீர்கள். பிழைத்த கணக்கைக் காட்டுபவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள்.