விளையாட்டுத் திரை கேட்கும் கேள்வி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்)

முன்னுரை

'விளையாட்டு' என்ற சொல்லைக் கேட்டதும் பெரியோர் முகம் சுளிப்பதுண்டு. 'விளையாட்டாகச் செய்துவிட்டேன்' என்று ஒருவர் சொன்னால், 'கருத்தின்றிச் செய்துவிட்டேன்' என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆயினும் விளையாட்டில் ஒருவர் செய்யும் சிறு செயலிலும் அவருடைய வாழ்வின் பெரிய உண்மை ஒன்று ஒளிந்திருக்கக்கூடும். வீடியோ விளையாட்டுகளில் பாத்திரத்தின் பாலைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, அது திருநர்க்கு ஏன் பெரிதாகப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை இறுதியில் சொல்வேன்.

பிறந்தபோது தமக்குக் குறிக்கப்பட்ட பாலும், தாம் உள்ளத்தில் உணரும் பாலும் வேறுபட்டிருப்போரைத் திருநர் என்கிறோம். திருநங்கையர், திருநம்பியர், இவ்விரு வகையிலும் அடங்காதோர் ஆகிய அனைவரையும் இச்சொல் குறிக்கும். இங்கே நான் குறிப்பிடும் விளையாட்டுகள் பிற நாடுகளில் பிறந்தவை. அவற்றுள் பலவற்றை நான் ஆடியதில்லை. அதற்கு வேண்டிய கருவியை வாங்கும் வசதி எனக்கில்லை. படித்தும், பிறர் ஆடிப் பதிவு செய்த காட்சிகளைக் கண்டும் அறிந்தவற்றையே எழுதுகிறேன்.

நான் நிரப்பாத கட்டம்

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். இக்கல்லூரிக்கு விண்ணப்பிக்க என் தந்தையாரும் நானும் பக்கத்து ஊரிலுள்ள பிரவுசிங் சென்டருக்குச் சென்றோம். அங்கிருந்தவர் மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எண், வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று என ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தார். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. 'பாலினம்' என்ற கட்டம் வந்ததும் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். 'ஆண்' என்பதை அழுத்தினார். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.

அது சரியாக இருந்ததால் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அது சரியாக இல்லாத ஒருவர், தந்தையார் அருகில் நிற்க, அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்? அந்தப் படிவத்தில் மூன்றாம் பாலினத்துக்கும் இடம் உண்டு. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தம் பாலைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநர்க்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. கட்டம் இருக்கிறது, உரிமை இருக்கிறது, கேட்பார்தாம் இல்லை.

வீடியோ விளையாட்டின் முதல் திரை இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. அது ஆளைப் பார்ப்பதில்லை. பார்க்க அதற்குக் கண்ணில்லை. ஆதலால் கேட்கிறது. சொன்ன விடையை அப்படியே ஏற்றுக்கொள்கிறது.

தொடக்க காலம்

இக்கேள்வியும் தொடக்கத்திலேயே தோன்றியதன்று. 1980இல் ஜப்பானில் வெளிவந்த பேக்-மேன், வாய் பிளந்த ஒரு மஞ்சள் வட்டம். 1982இல் அமெரிக்காவில் வெளிவந்த மிஸ் பேக்-மேனும் அதே வட்டந்தான். தலையில் ஒரு சிவப்பு ரிப்பனும் உதட்டில் சாயமும் சேர்ந்ததும் அது பெண்ணாகிவிட்டது! 1986இல் வந்த 'மெட்ராய்டு' விளையாட்டில் கனத்த கவசம் பூண்டு போரிடும் சாமஸ் அரனை ஆண் என்றே பலரும் எண்ணினர். ஆங்கிலக் கையேடும் ஆண்பாலிலேயே எழுதியது. விரைவாக ஆடி முடித்தவர்களுக்கு மட்டும் இறுதித் திரையில் கவசம் நீங்கி, சாமஸ் ஒரு பெண் என்பது தெரிந்தது. எவரும் சொல்லாமலே ஆண் என்று எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்தை அத்திரை சுட்டிக்காட்டியது எனலாம்.

இத்துறையை வளர்த்தவர்களிலேயே திருநர் இருந்தனர் என்பதும் அறியத்தக்கது. 1980இல் அடாரி நிறுவனம் நாடு தழுவி நடத்திய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போட்டியில் வென்ற ரெபெக்கா ஹைனமன், பின்னாளில் தம்மைத் திருநங்கையாக வெளிப்படுத்திக்கொண்டவர். பல விளையாட்டுகளுக்கு நிரல் எழுதியவர். நால்வர் ஒரே கணினி முன் கூடி ஆடும் 'மியூல்' என்ற விளையாட்டை 1983இல் படைத்த டேனியெல் பன்டன் பெர்ரி, 1992இல் பெண்ணாக வாழத் தொடங்கி, 1998இல் மறைந்தார். ஆடுபவர் தம் பாலைத் தாமே சொல்லும் திரைகள் பெருகுமுன்பே, அத்திரைகளுக்கு அடித்தளம் இட்டவர்கள் இவர்கள்.

கேள்வி பிறந்தது

1990இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 'லாம்ப்டாமூ' என்ற உலகத்தை அமைத்தார். அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. உள்ளே வருபவர் ஒரு கட்டளையைத் தட்டித் தம் பாலைக் குறிக்கலாம். ஆண், பெண் என்ற இரண்டோடு நில்லாமல் வேறு பல வகைகளும் அப்பட்டியலில் இருந்தன.

குழந்தைகளிடம் இக்கேள்வியைக் கொண்டு சென்ற விளையாட்டுகளுள் போக்கிமான் குறிப்பிடத்தக்கது. 1996இல் ஜப்பானில் அது தொடங்கியபோது ஆடுபவர் சிறுவனாக மட்டுமே இருக்க முடிந்தது. 2000இல் அங்கு வெளிவந்த 'கிரிஸ்டல்' பதிப்பில்தான், சிறுவனா சிறுமியா என்று அவ்விளையாட்டு முதன்முதலாகக் கேட்டது. உள்ளங்கையளவு கருவி ஒன்று கேட்கும் எளிய கேள்விதான். ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் எவரும் கேட்டிராத கேள்வி அது.

வேடமும் உருவும்

நிற்க. எதிர்ப்பால் பாத்திரத்தைத் தேர்பவர் அனைவரும் திருநரா? அல்லர். என் பாட்டனார் தெருக்கூத்தில் பெண்வேடம் கட்டியவர். விடிய விடியத் திரௌபதியாக ஆடிவிட்டு, விடிந்ததும் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வயலுக்குப் போவாராம். அவருக்கு அது கலை. அதுபோலவே விளையாடும் ஆண்கள் பலர் பெண் பாத்திரத்தை ஏற்கின்றனர். மணிக்கணக்கில் பார்க்கப் பிடித்த உருவம் என்பர் சிலர். உடைகள் அழகு என்பர் சிலர். ஒரு மாற்றத்துக்காக என்பர் சிலர். இணையவழி விளையாட்டுகளை நெடுங்காலம் ஆராய்ந்த நிக் யீ, ஆண்கள் பெண் பாத்திரம் ஏற்பது, பெண்கள் ஆண் பாத்திரம் ஏற்பதைவிட மிகுதி என்று கண்டார். எனவே ஒருவர் தேர்ந்த பாத்திரத்தை மட்டும் வைத்து அவர் இன்னார் என்று முடிவு கட்டுவது பிழையாகும்.

எனினும் உருவம் என்பது வெறும் சட்டையன்று. நிக் யீயும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சனும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மெய்நிகர் உலகில் சிலருக்கு உயரமான உருவமும் சிலருக்குக் குள்ளமான உருவமும் கொடுத்து, பணத்தைப் பங்கிடும் பேரத்தில் ஈடுபடுத்தினர். உயர்ந்த உருவம் பெற்றவர்கள் தமக்குச் சாதகமாகத் துணிந்து பேரம் பேசினர். இரவல் உருவம் மனத்தையும் தன் வழிக்குத் திருப்புகிறது. நினைத்த உருவம் எடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயரால் இதனைப் 'புரோட்டியஸ் விளைவு' என்பர்.

இரவல் உருவத்துக்கே இவ்வளவு வலிமை என்றால், தம்முடையது என்று ஒருவர் உள்ளூர உணரும் உருவத்துக்கு எவ்வளவு இருக்கும்! என் பாட்டனார் இரவில் வேடம் கட்டினார்; விடிந்ததும் கலைத்தார். திருநங்கை ஒருவர் விளையாட்டில் பெண்ணாக நடக்கும்போது வேடம் கட்டவில்லை. பகலெல்லாம் பிறருக்காகக் கட்டியிருந்த வேடத்தைச் சற்று நேரம் கலைக்கிறார். தாம் விரும்பும் பெயரால் அழைக்கப்பட்டால் எப்படியிருக்கும் என்பதை அச்சமின்றி அறிந்துகொள்கிறார். தம்மை முதலில் உணர்ந்தது விளையாட்டில்தான் என்று சொல்லும் திருநர் உளர்.

ஆனால் அங்கும் முழு அமைதி இல்லை. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் குரல்வழிப் பேச்சு உண்டு. உருவம் மறைத்ததைக் குரல் சொல்லிவிடும். அடுத்த நொடியே ஏளனம் தொடங்கும். அதனால் வாய் திறவாமலே ஆடி முடிப்போர் உண்டு.

ஒரு மாறி பலவாயிற்று

நிரலில் ஒரு மதிப்பைச் சேமிக்கும் இடத்தை மாறி என்று வகுப்பில் படிக்கிறோம். பாலை 0 அல்லது 1 என்று ஒரே மாறியில் அடக்கி, உடல், குரல், நடை, உடை, பிறர் அழைக்கும் சொல் ஆகிய ஐந்தையும் அதனோடு கட்டிவிட்டால் நிரலருக்கு வேலை எளிது. பல்லாண்டுகள் அப்படித்தான் நடந்தது. அந்தக் கட்டு ஒவ்வொன்றாக அவிழ்ந்த வரலாறே அண்மைக் கால வரலாறு.

மனிதர்களைப் படைத்துக் குடும்பம் நடத்தச் செய்யும் 'சிம்ஸ் 4' விளையாட்டு 2014இல் வெளிவந்தது. 2016 ஜூனில் அதன் கட்டுகள் தளர்ந்தன. எந்த உடலுக்கும் எந்த உடையும், எந்த நடையும், எந்தக் குரலும் பொருத்தலாம் என்றாயிற்று. 2022 மே மாதத்தில் பாத்திரத்தைக் குறிக்கும் பிரதிப்பெயரையும் ஆடுபவரே தேர வழி செய்தனர். 2023 ஜனவரியில் திருநம்பியர் மார்பில் அறுவை செய்துகொண்ட தழும்பும் சேர்ந்தது. 2020இல் வந்த 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' ஆணா பெண்ணா என்று கேளாமல் தோற்றப் பாணியை மட்டும் கேட்டது, பின்னர் கண்ணாடி முன் நின்று எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அதே ஆண்டில் வந்த 'சைபர்பங்க் 2077' ஒரு கட்டை அவிழ்க்க மறந்தது. அதில் உடலையும் குரலையும் தனித்தனியே தேரலாம். ஆனால் பிறர் 'அவன்' என்பரா, 'அவள்' என்பரா என்பது குரலோடு கட்டப்பட்டிருந்தது. தடித்த குரலுடைய திருநங்கை ஒருவர் 'அவள்' என்று அழைக்கப்பட விரும்பினால், தம் குரலை ஒத்த குரலைக் கைவிட வேண்டும்! ஒரே ஒரு மாறியை மற்றொன்றோடு கட்டியதால் எத்தனை பேர் மனம் வருந்த நேரும் என்பதை நிரல் எழுதக் கற்கும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். 2023இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 3' உடல், குரல், அடையாளம் மூன்றையும் தனித்தனியே பிரித்துவைத்தது.

கேளாமல் கொடுத்தால்?

'இதற்கு இத்தனை ஆரவாரமா?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு 'ரஸ்ட்' என்ற விளையாட்டு விடை சொல்லும். தொடக்கத்தில் அதில் அனைவரும் ஆண் உருவத்திலேயே ஆடினர். 2016இல் அதன் படைப்பாளர்கள், ஒவ்வொருவரின் கணக்கு எண்ணுக்கேற்ப ஆண் அல்லது பெண் உருவத்தைத் தாமாகவே ஒதுக்கினர். அதை மாற்ற முடியாது. பெண் உருவம் கிடைத்த ஆண்கள் பலர் கொதித்தெழுந்தனர். எங்களைக் கேளாமல் எப்படிக் கொடுக்கலாம், இது நானல்லவே என்றனர். உலகில் பாதிப்பேர் ஏற்கெனவே இந்த உணர்வோடுதான் இதை ஆடிக்கொண்டிருந்தனர் என்பது படைப்பாளர் கேரி நியூமன் சொன்ன விடையின் சாரம்.

பிரவுசிங் சென்டரில் எனக்கு ஒன்றும் தோன்றாததன் காரணம் இதைப் படித்தபோதுதான் விளங்கியது. பொருந்திய செருப்பை எவரும் நினைப்பதில்லை.

படைத்தவரும் அறியாதது

2018இல் கனடாவிலிருந்து வந்த 'செலஸ்ட்' என்ற விளையாட்டில் தேர்வுத் திரையே இல்லை. மேடலின் என்ற பெண் ஒரு மலையின்மீது ஏறுகிறாள். வழியில் அவளுடைய மறுபாதியே உருவெடுத்து வந்து தடுக்கிறது. அதை விரட்ட முயல்கிறாள், முடியவில்லை. அதோடு இணங்கிய பிறகே சிகரத்தை அடைகிறாள். 2019இல் சேர்க்கப்பட்ட இறுதிப் பகுதியில் அவள் அறையில் திருநர் கொடி ஒன்று காணப்பட்டது. ஆடியவர்கள் கேட்கத் தொடங்கினர். 2020இல் அதன் படைப்பாளர் மேடி தார்சன், மேடலின் திருநங்கையே என்று எழுதினார். அவ்விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தபோது மேடலினைப் பற்றியோ தம்மைப் பற்றியோ தாமே அதை அறிந்திருக்கவில்லை என்றும் எழுதினார். படைத்தவரே பிறகு கற்றுக்கொள்ளும்படி ஒரு விளையாட்டு அமைந்தது வியப்பன்றோ?

தமிழுக்கு வந்தால்

சிம்ஸ் விளையாட்டில் பிரதிப்பெயர்த் தேர்வு முதலில் ஆங்கிலத்துக்கு மட்டுமே வந்தது. நம் மொழியில் வினைமுற்றே பால் காட்டும்; 'வந்தான்', 'வந்தாள்' என்பதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இச்சிக்கல் புதிதன்று. பேடியைக் குறிக்கும் சொல்லுக்கெனத் தனி ஈறு இல்லை, அஃது உயர்திணை ஈறுகளையே கொள்ளும், ஆயினும் ஆண்பால் ஈறு அதற்குப் பொருந்தாது என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் ஆராய்கிறது. அதுவுமன்றி, எவரையும் பால் சுட்டாமல் மதிப்போடு குறிக்க 'அவர்' என்ற சொல் நம்மிடம் உண்டு. இதுவரை பெரியோர்க்கு மட்டும் கொடுத்துவந்த அச்சொல்லைச் சற்றுத் தாராளமாகக் கொடுத்தால் போதும்.

முடிவுரை

2020இல் பள்ளிகள் மூடியிருந்த காலம். வகுப்புக்கென்று வாங்கிய கைப்பேசிகளோடு நாங்கள் நால்வர் கோயில் திண்ணையில் கூடித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை ஆடுவோம். எங்களில் ஒருவர் எப்போதும் பெண் பாத்திரத்தையே வைத்திருப்பார். அதற்கு உடை தேர்வதிலேயே பாதி நேரம் போகும். நாங்கள் கேலி செய்வோம்; அவர் சிரித்துக்கொள்வார். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்கச் சென்றபோது, அவர் சேர்த்துவைத்திருந்த புள்ளிகளைச் செலவழித்து அப்பாத்திரத்தை ஆணாக மாற்றினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்று, "டேய், விளையாட்டாத்தான்டா செஞ்சேன்" என்றேன். அவர் விடை சொல்லவில்லை. பள்ளி திறப்பதற்குள் அவர் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது.

அவர் திருநரா இல்லையா என்பதை நான் அறியேன். அதைச் சொல்ல வேண்டியவர் அவரே. நான் அறிந்தது இவ்வளவுதான்: திரை அவரைக் கேட்டது, அவர் விடை சொன்னார், அந்த விடையை நான் அழித்தேன்.

சென்ற ஆண்டு நம் கல்லூரியின் சேர்க்கை உதவி மையத்தில் புதிய மாணவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பணியில் நானும் இருந்தேன். பாலினம் என்ற கட்டம் வந்ததும் கையை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரையும் கேட்டேன். "பார்த்தா தெரியலையாண்ணா?" என்று சிரித்தவர்களே மிகுதி. இருந்தாலும் கேட்டேன். இந்த ஆண்டு அந்த மேசையில் உட்காரப்போகும் நண்பர்களும் அவ்வாறே கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.