இரண்டு விண்ணப்பங்கள்

மின்விசிறி வருவதற்கு முன்னர், அலுவலகங்களிலும் மாளிகைகளிலும் கூரையிலிருந்து பெரிய துணி விசிறிகள் தொங்கின. அவற்றுக்குப் பங்கா என்று பெயர். அறைக்கு வெளியே அமர்ந்த ஒருவர் நாள் முழுதும் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். பங்காவை இழுக்க ஓர் இயந்திரத்தை உருவாக்கினார், கொல்கத்தாவில் வாழ்ந்த பொறியாளர் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங். 1856ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், அவ்வியந்திரத்துக்குத் தனியுரிமை வேண்டி அரசுக்கு விண்ணப்பித்தார். இந்தியாவில் ஒரு கண்டுபிடிப்புக்கு அளிக்கப்பட்ட முதல் உரிமை அதுவே.

எனினும் அவ்வுரிமை உடனே கிடைத்துவிடவில்லை. இயந்திரம் இயங்கும் முறையை விளக்கும் விவரக்குறிப்பையும் வரைபடங்களையும் அவர் செப்டம்பரில் அளித்த பின்னரே அது கிடைத்தது. காப்புரிமை என்பது ஓர் உடன்பாடு. கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாக, அவருடைய இசைவின்றிப் பிறர் அதனைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. இன்று அவ்வுரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். அதன்பின் அந்நுட்பம் அனைவருக்கும் பொது.

இந்த உடன்பாட்டை விரும்பாத அறிஞர் ஒருவரும் அதே நகரில் வாழ்ந்தார். அவர் பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ். 1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில், மின்காந்த அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தித் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார்.

1901ஆம் ஆண்டு மே மாதம் அவர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றவிருந்தார். உரைக்குச் சற்று முன்னர், தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர் காப்புரிமைப் படிவத்தைக் கையோடு கொண்டுவந்தார். எல்லாவற்றையும் மேடையில் வெளியிட வேண்டாம் என்றும், செலவைத் தாமே ஏற்று இலாபத்தில் பாதியைப் பெற்றுக்கொள்வதாகவும் கூறினார். போஸ் மறுத்துவிட்டார். பணத்தாசையில் ஒருமுறை அகப்பட்டால் மீள வழியிராது என்னும் கருத்துப்பட, நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார்.

நண்பர்கள் விடவில்லை. அமெரிக்கரான சாரா புல் அம்மையாரின் வற்புறுத்தலால், அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவில் விண்ணப்பம் பதிவாயிற்று. கலீனா என்னும் ஈயக் கனிமப் படிகத்தால் மின்காந்த அலைகளை உணரும் கருவி அது. 1904 மார்ச் 29 அன்று 7,55,840 என்னும் எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதில் பாதி உரிமையைப் போஸ் அவ்வம்மையாருக்கே எழுதிக் கொடுத்திருந்தார். மீதிப் பாதியைக் கொண்டும் அவர் பொருள் ஈட்டவில்லை. 1917இல் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தில் எதற்கும் காப்புரிமை பெறப்படாது என்றே அறிவித்தார்.

போஸ் செய்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அவர் அறிந்தே விட்டுக்கொடுத்தார். அறியாமல் இழப்பது வேறு. அறிவியல் கண்காட்சியில் புதிய கருவி ஒன்றை வைக்கும் மாணவி, விண்ணப்பிக்கும் முன்னரே அதன் நுட்பத்தை எல்லோருக்கும் விளக்கிவிட்டால், அக்கருவி ‘புதியது’ என்னும் தகுதியை இழக்கக்கூடும். சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பியிருப்பதைவிட முதலில் விண்ணப்பிப்பதே நன்று. தற்காலிக விவரக்குறிப்பை அளித்தால், முழு விவரக்குறிப்பை எழுத 12 மாதங்கள் கிடைக்கும். கொல்கத்தா, தில்லி, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் காப்புரிமை அலுவலகங்கள் உள்ளன.

முழு விவரக்குறிப்பில் கடினமான பகுதி உரிமைக் கோரிக்கை ஆகும். மழைத்துளி பட்டதும் துணிகளைத் தானே உள்ளிழுக்கும் கொடியை ஒருத்தி செய்ததாகக் கொள்வோம். ‘நீல நைலான் கயிற்றால் ஆன கொடி’ என்று அவள் எழுதினால், பச்சைக் கயிறு கட்டியவர் தப்பித்துக்கொள்வார். ‘துணி உலர்த்தும் கொடி’ என்று மட்டும் எழுதினால், பாட்டி வீட்டுக் கொல்லையில் கட்டிய கொடியும் அதில் அடங்கிவிடும், அலுவலகம் மறுத்துவிடும்.

அருஞ்சொற்பொருள்
இசைவு – சம்மதம்
ஈடாக – பதிலாக
கொடி – துணி உலர்த்தக் கட்டும் கயிறு

பயிற்சி
1. டிபென்னிங்குக்கு உரிமை உடனே கிடைக்காதது ஏன்?
2. தந்தி நிறுவன உரிமையாளரின் வேண்டுகோளைப் போஸ் ஏற்றிருக்க வேண்டுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. மழைக்கு உள்ளிழுக்கும் கொடிக்குப் பொருத்தமான உரிமைக் கோரிக்கையை இரண்டு தொடர்களில் எழுதுக.