குழந்தைகளும் கொக்கிப்புழுவும்

கூடலூரை அடுத்த தேவர்சோலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தேயிலைத் தோட்டத்து மண் எளிதில் உலர்வதில்லை. நிழலும் ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்த மண், தேயிலைக்கு மட்டுமன்றிக் கொக்கிப்புழுவுக்கும் உகந்ததாகும்.

குழந்தை முகம் வெளிறி, விளையாட மனமின்றிச் சோர்ந்திருந்தால், சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். உண்மையில் அதன் குடலில் தங்கிய புழுக்கள் நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். இரத்தம் குன்றினால் வளர்ச்சி தடைப்படும். படிப்பில் கருத்து ஊன்றாது.

இப்புழு பரவும் விதம் யாது? நோயுற்றவர் திறந்தவெளியில் மலம் கழித்தால், அதிலுள்ள முட்டைகள் ஈரமண்ணில் பொரிந்து, நுண்ணிய இளம்புழுக்களாகின்றன. அவை வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்குகின்றன.

2015ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தின்படி, 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. இதனைத் தவறவிடலாகாது. ஆயினும், மாத்திரை குடலிலுள்ள புழுவை நீக்குமேயன்றி, மண்ணிலுள்ள புழுவை நீக்காது. மறுநாளே வெறுங்காலுடன் அசுத்த மண்ணை மிதிக்கும் குழந்தையை அது மீண்டும் பற்றும். எனவே, மருந்தின் பயன் நிலைக்க நற்பழக்கங்கள் இன்றியமையாதவை.

முதலாவது, அனைவரும் கழிப்பறையையே பயன்படுத்துதல். கைக்குழந்தையின் மலத்தையும் புதரில் எறியாமல் கழிப்பறையிலேயே இடவேண்டும். இரண்டாவது, முற்றத்தில் இறங்கும்போதும் செருப்பு அணிவித்தல். மூன்றாவது, நகங்களை வெட்டி, உண்ணுமுன்னும் மலம் கழித்த பின்னும் சோப்பினால் கை கழுவச் செய்தல். கொக்கிப்புழு பெரும்பாலும் கால்வழி வருவது. உருளைப்புழுவோ கைவழியும் உணவுவழியும் வருவது. நான்காவது, கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றுடன் நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை சேர்த்துக் கொடுத்தல். உணவோடு தேநீர் கொடுத்தல் நன்றன்று. அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

எல்லா இரத்தச்சோகையும் புழுவினால் வருவதன்று. அரிவாள் அணுச் சோகை என்னும் பரம்பரை நோய், 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே கண்டறியப்பட்டது. ஆதலால் சோர்வு நீடித்தால் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் வேண்டும்.

கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், பகலெல்லாம் குழந்தையின் அருகில் இருத்தல் இயலாது. ஆகவே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் மூத்த பிள்ளைக்கும் இவற்றை எடுத்துரைப்போம். வாயிற்படியில் ஒரு சோடிச் சிறு செருப்பு, கழிப்பறையருகில் ஒரு துண்டு சோப்பு: இன்றே இவ்விரண்டையும் வைத்துத் தொடங்குவோமாக.